கூடு விட்டுக் கூடு பாய்ந்த எஞ்சின்கள்

திருமூலர் கதையை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். அகத்திய முனிவரைக் காண்பதற்காகக் கயிலையிலிருந்து தென்திசை நோக்கி வந்த சிவயோகியார் ஒருவர், காவிரிக் கரையிலே, ஆவடுதுறைக்கு அண்மையில், மூலன் என்னும் இடையன் இறந்து கிடப்பதைக் காண்கிறார். அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அந்த வாயில்லாச் சீவன்களின் துயரம் பொறுக்கமாட்டாமல், தம்முடைய உடலை ஓரிடத்திலே ஒதுக்கி வைத்துவிட்டு, மூலனுடைய உடலுக்குள் புகுந்து எழுகிறார். பசுக்கள் களிப்போடு வீடு திரும்புகின்றன. சேக்கிழார் பெரிய புராணத்திலே பாடிய வரலாறு இது.

இந்தக் கதையிலே நாம் அதிகம் நின்று பார்க்காத ஓர் இடம் உண்டு. மாலையில் மூலனின் மனைவி வந்து கணவனை வீட்டுக்கு அழைக்கிறாள். யோகியார் விலகி நிற்கிறார். உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார். அவள் திகைக்கிறாள், ஊர் கூடுகிறது. உயிர் மாறிவிட்டது, உண்மைதான். ஆனால் வீடும் மனைவியும் ஊரும் பெயரும் அந்த உடலுக்கு உரியவையாயிற்றே! உள்ளே உயிர் மாறிய பிறகு அந்த உடல் யாருடையது? தம் பழைய உடலைத் தேடிப் போன யோகியாருக்கு அது கிடைக்கவில்லை. மூலனாகவே வாழ்ந்து திருமூலர் என்றே பெயரும் பெற்றார். உடலின் பெயர் உயிருக்கு வந்து சேர்ந்தது.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மோட்டார்க் கார். இலக்கியத் தொடரிலே கராஜுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காரின் எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்தக் காருக்கென்று பிறக்காத வேறோர் எஞ்சினை உள்ளே வைத்து, வேகமான புதிய காராக அதை ஓடச் செய்யும் ஒரு கைத்தொழில் உலகிலே நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று நம் சித்தர்கள் சொன்னதை, எண்ணெயும் கரியும் படிந்த கைகளோடு செய்துகாட்டிய மனிதர்களின் வரலாறு அது. அந்த வரலாற்றில் நம்மவர்களுக்கும் பங்குண்டு. அதைத்தான் சொல்லவருகிறேன்.

முதலில் தொழிலைச் சற்று விளங்கிக்கொள்வோம். ஓர் எஞ்சினைத் தூக்கி இன்னொரு காரில் வைப்பது பெட்டிக்குள் பொருளை வைப்பதுபோன்ற காரியம் அன்று. எஞ்சினைத் தாங்கும் கால்கள் அடிச்சட்டத்திலே வேறிடத்தில் இருக்கும். அவற்றை வெட்டிப் புதிதாக ஒட்டவேண்டும். எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில், மெக்கானிக்குகள் பெல் ஹவுசிங் என்று சொல்லும் கூடு இருக்கிறது. ஒரு கம்பனியின் ஆணித் துளைகள் மற்றக் கம்பனியின் துளைகளோடு பொருந்தமாட்டா. இடையிலே ஒரு தகடு கடைந்து போடவேண்டும். அந்தத் தகட்டிலே ஒரு மயிரிழை பிசகினாலும் கிளட்ச் தேயும், கியர்த் தண்டு நடுங்கும். புதிய எஞ்சின் பலமானதென்றால் ரேடியேற்றர் போதாது. ரேடியேற்றர் போதுமென்றால் பின் அச்சு முறியும். அச்சைப் பலப்படுத்தினால் பிரேக் காணாது. பாரம் முன்னே கூடினால் வளைவிலே கார் நேரே ஓடப்பார்க்கும். ஆக, இதயத்தை மாற்றியவன் கைகால் நரம்பு எல்லாவற்றையும் மாற்றவேண்டியவன் ஆகிறான். வெறும் பலத்தைச் சேர்த்துவிட்டு உடலை மறந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்தத் தொழிலின் ஆரம்ப நாட்களே காட்டுகின்றன.

முதலாம் உலக மகாயுத்தம் 1918இல் முடிந்தபோது, ஆகாயவிமானங்களுக்கென்று செய்த எஞ்சின்கள் ஐரோப்பாவிலே மலிந்து கிடந்தன. இங்கிலாந்திலே லூயி ஸ்பொரொவ்ஸ்கி என்ற செல்வந்த இளைஞர், 1921இல், பழைய மெர்ஸிடிஸ் காரின் அடிச்சட்டத்திலே 23 லீற்றர் கொள்ளளவுடைய மேபாக் விமான எஞ்சினை ஏற்றினார். இன்று நம் தெருக்களில் ஓடும் சிறிய கார் ஒன்றின் எஞ்சின் ஒரு லீற்றர் அளவில் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் அந்த 23இன் பருமன் விளங்கும். அந்தக் காருக்கு அவர் இட்ட பெயர் சிட்டி பாங் பாங். ஜேம்ஸ் பொண்ட் கதைகளை எழுதிய இயன் பிளெமிங், 1964இல் வெளிவந்த தமது சிறுவர் கதைக்குப் பெயர் எடுத்தது இங்கிருந்துதான். கராஜிலிருந்து இலக்கியத்துக்குப் போன பெயர் அது.

ஸ்பொரொவ்ஸ்கி 1924இல் இத்தாலியின் மொன்சாப் பந்தயத்தில் மாண்டார். அவர் கட்டிய இன்னொரு கார், பன்னிரண்டு சிலிண்டர்களும் 27 லீற்றரும் கொண்ட லிபர்ட்டி விமான எஞ்சின் பூட்டியது, வேல்ஸ் நாட்டுப் பொறியியலாளர் பரி தோமஸின் கைக்குப் போயிற்று. அவர் அதைத் திருத்தி பாப்ஸ் என்று செல்லப் பெயர் வைத்து, 1926இல் பெண்டைன் கடற்கரை மணலிலே மணிக்கு 171 மைல் வேகம் ஓடி உலக சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு மார்ச் 3ஆம் திகதி, பறிபோன சாதனையை மீட்கப் போன ஓட்டத்தில், அதே மணலிலே அதே கார் உருண்டு அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. சங்கிலி அறுந்து தாக்கியதென்று நெடுங்காலம் நம்பினார்கள். சக்கரம் உடைந்திருக்கவேண்டும் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். எதுவாயினும், எஞ்சின் தோற்கவில்லை, உடல் தோற்றது. நண்பர்கள் அந்தக் காரை அந்த மணலிலேயே புதைத்துவிட்டார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1969இல், ஓவன் வின் ஓவன் என்பவர் அதைத் தோண்டியெடுத்துப் பழையபடி உயிர்ப்பித்தார்.

இது செல்வந்தர் காலம். இந்தத் தொழிலை ஏழைகளின் கைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் போர்ட் கம்பனி. 1932இல் அது எட்டுச் சிலிண்டர் எஞ்சினைச் சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலையிலே விற்கத் தொடங்கியது. அதுவரை அத்தகைய எஞ்சின் பிரபுக்களின் காருக்குள் இருந்த பண்டம். சில ஆண்டுகளில் அந்தக் கார்கள் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்துசேர்ந்தன. கலிபோர்னியாவின் இளைஞர்கள் அந்த எஞ்சின்களை மலிவு விலைக்கு வாங்கி, அதைவிடப் பழைய, பாரமற்ற போர்ட் கார்களிலே பூட்டினார்கள். மட்காட்டைக் கழற்றினார்கள், கூரையைத் தாழ்த்தினார்கள், வற்றிப்போன ஏரிகளின் தரையிலே ஓட்டிப் பார்த்தார்கள். ஹொட் ரொட் என்று உலகம் பின்னர் பெயர் சொன்ன கார்கள் அவைதாம்.

இங்கிலாந்திலும் இதே கதை. 1922இல் வந்த ஒஸ்ரின் செவன் என்ற 747 சிசி குட்டிக் கார், பழசாகி மலிந்த பிறகு பல இளைஞர்களுக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. கொலின் சப்மன் என்ற பொறியியல் மாணவர் ஒரு பழைய ஒஸ்ரின் செவனைப் பிரித்துத் தமது முதற் காரை 1948இல் கட்டி முடித்தார். லோட்டஸ் என்ற உலகப் புகழ் பெற்ற பந்தயக் கார்க் கம்பனியின் வேர் அதுதான். துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டிய அத்தகைய கார்களை ஆங்கிலேயர் ஸ்பெஷல் என்றார்கள். நம்முடைய தேநீர்க் கடைகளில் ஸ்பெஷல் என்றால் காசு கூடியது. அங்கே காசு குறைந்தவன் செய்துகொண்டது ஸ்பெஷல்.

இந்த வரலாற்றிலே எல்லோரும் உச்சியில் வைத்துப் பேசும் பெயர் கறொல் ஷெல்பி. டெக்ஸஸ் மாநிலத்தவர். கோழிப்பண்ணை வைத்து நட்டப்பட்டவர். பிறகு பந்தயச் சாரதியாகி, 1959இல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை அஸ்ரன் மார்ட்டின் காரில் வென்றவர். ஆனால் அவருக்கு இதயநோய். நாக்கின் கீழ் மாத்திரை வைத்துக்கொண்டு பந்தயம் ஓடிய அவர், 1960இல் சாரதி ஆசனத்தை விட்டு இறங்கவேண்டியதாயிற்று.

அந்த வேளையில் இங்கிலாந்திலே ஏசி என்ற சிறிய கம்பனி ஒரு சிக்கலில் இருந்தது. ஏஸ் என்ற அழகான, பாரம் குறைந்த விளையாட்டுக் காரை அது செய்துவந்தது. அதற்கு எஞ்சின் கொடுத்த பிரிஸ்டல் கம்பனி தன் எஞ்சின் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவிலோ போர்ட் கம்பனி, வார்ப்பின் சுவரை மெலிதாக்கிப் பாரம் குறைத்த புதிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினைச் செய்திருந்தது. ஒரு பக்கம் உயிரில்லா உடல். மறுபக்கம் உடல் தேடும் உயிர். இரண்டையும் சேர்க்கலாம் என்று கண்டவர், இதயம் பழுதான ஷெல்பி. 1961இல் ஏசி கம்பனிக்குக் கடிதம் எழுதினார். 1962இன் தொடக்கத்தில், எஞ்சின் இல்லாமல் கலிபோர்னியாவுக்கு வந்திறங்கிய காரிலே போர்ட் எஞ்சினைப் பூட்டி ஓட்டிவிட்டார்கள். கோப்ரா பிறந்தது.

கையில் இருந்தது ஒரே ஒரு கார். சஞ்சிகைக்காரர் ஒவ்வொருவரும் ஓட்டிப்பார்க்க வரும்போது அதற்கு வேறு வேறு நிறம் பூசி, பல கார்கள் இருப்பதுபோலக் காட்டினார்களாம். ஒரே நடிகன் பல வேடம் கட்டி ஆடிய கூத்து! அந்த முதற் கார் 2016இல் ஏலத்தில் ஒரு கோடி 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குப் போயிற்று. 1965இல் கோப்ராக் கார்கள், பெராரி கம்பனியின் நெடுங்கால ஆதிக்கத்தை உடைத்து உலக ஜிடி வாகையைச் சூடின. அதே ஆண்டு 7 லீற்றர் எஞ்சின் வைக்க முனைந்தபோது பழைய சட்டகம் தாங்காது என்று கண்டு, தடித்த குழாய்களாலே சட்டகத்தையே புதிதாகச் செய்தார்கள். பெண்டைன் மணலில் புதைந்த பாடத்தை இவர்கள் படித்திருந்தார்கள் என்று கொள்ளலாம்.

ஷெல்பியின் வாழ்வில் இன்னொன்றும் நடந்தது. 1990இல் அவருடைய இதயத்தை அகற்றிவிட்டு, இறந்துபோன வேறொரு மனிதரின் இதயத்தை வைத்தியர்கள் அவருக்குப் பொருத்தினார்கள். அந்த இதயத்தோடு மேலும் 22 ஆண்டுகள் வாழ்ந்து, 2012இல், 89ஆவது வயதில் மறைந்தார். கார்களுக்கு மாற்று உயிர் கொடுத்தவர், முகமறியாத ஒருவர் விட்டுச்சென்ற உயிரிலே வாழ்ந்தார். கதாசிரியன் எழுதினால் மிகை என்போம். வரலாறு எழுதியிருக்கிறது.

இவையெல்லாம் தூர தேசத்துக் கதைகள், நம் வயல்வெளிக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று செங்கலடியில் இருந்து கேட்பவர் நினைக்கக்கூடும். தொடர்பு வயலிலேயே இருக்கிறது. பேர்கசன் என்றால் மட்டக்களப்பு விவசாயிக்கு விளக்கம் வேண்டியதில்லை. உழவு இயந்திரத்துக்கே அது மறுபெயர். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ரி நகரிலே ஸ்டாண்டர்ட் கம்பனி செய்த சாம்பல் நிறச் சிறிய பேர்கசன்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல். அந்த உழவு இயந்திரத்துக்கும், அதே கம்பனியின் வான்கார்ட் காருக்கும் எஞ்சின் ஒரே குடும்பம். 1953இல் அந்தக் குடும்பத்து எஞ்சினின் சிலிண்டரைச் சற்று ஒடுக்கி, இரண்டு கார்பரேற்றர் பூட்டி, ட்ரையம்ப் டிஆர்2 என்ற விளையாட்டுக் காரில் வைத்தார்கள். அந்த ஆண்டே, பந்தயத்துக்கெனத் திருத்திய டிஆர்2 ஒன்று பெல்ஜியத்தின் நெடுஞ்சாலையில் மணிக்கு 124 மைல் வேகத்தைத் தாண்டியது. சேற்றில் கலப்பை இழுத்த எஞ்சினின் உடன்பிறப்புத்தான் அந்த வேகம் ஓடியது. எஞ்சினுக்குச் சாதி கிடையாது. எந்த உடலில் வைக்கிறோமோ அந்த உடலின் தொழிலை அது செய்யும்.

நம் கரையிலே இதற்கு இன்னும் அண்மையான உதாரணம் லேண்ட் மாஸ்டர். கையால் பிடித்துச் செலுத்தும் அந்த இரு சக்கர உழவு இயந்திரம், காலையில் வயலை உழும். பட்டி மாட்டிவிட்டால் தண்ணீர் இறைக்கும். அறுவடையில் சூடு அடிக்கும் இயந்திரத்தைச் சுழற்றும். மாலையில் பின்னே பெட்டி பூட்டினால் குடும்பத்தையே கோயிலுக்கு ஏற்றிப்போகும். ஓர் உயிர் ஒரே நாளில் நாலு கூடு பாய்கிறது! ஸ்பொரொவ்ஸ்கிக்குத் தெரியாத வித்தை இது.

தமிழகத்திலே இந்தக் கலையை ஒரு பாடசாலையாகவே ஆக்கியவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954இல் பிறந்தவர். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த கால விமான ஓடுபாதையிலே, 1953இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்திவந்தது. அங்கே ஓடிய கரிவரதன் ஓர் உண்மையைக் கண்டார். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வசதியுள்ளவன் மட்டும் ஓடினால், திறமையுள்ளவன் என்றைக்கும் வேலிக்கு வெளியில்தான் நிற்பான். 1983இன் இறுதியில் இந்தியத் தெருக்களுக்கு வந்த மாருதி 800 அதற்குள் ஊரெங்கும் பரவியிருந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி. பலசரக்குக் கடைக்குப் போய்வருகிற எஞ்சின். கரிவரதன் அதை எடுத்து, குழாய்ச் சட்டகம் ஒன்றைக் கட்டி, முன்னே இருந்து முன் சக்கரத்தைச் சுழற்றிய எஞ்சினைச் சாரதியின் முதுகுக்குப் பின்னே கொண்டுபோய்ப் பின் சக்கரத்தைச் சுழற்றவிட்டார். ஒரே ஆசனம், திறந்த சக்கரம். 1980களின் பிற்பகுதியில் பார்முலா மாருதி என்ற பந்தயம் பிறந்தது.

இதன் நுட்பம் எஞ்சினை இடம் மாற்றியதில் மட்டும் இல்லை. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், அதுவும் உதிரிப்பாகம் மூலைக்கடையில் கிடைக்கிற எஞ்சின் என்று வைத்ததால், வெற்றியைப் பணம் தீர்மானிப்பது குறைந்து, கை தீர்மானிக்கத் தொடங்கியது. அந்தக் கார்களிலே 1990களின் தொடக்கத்தில் ஓடிப் பழகிய தமிழ் இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டன் அணிக்காக பார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். அதைக் காணக் கரிவரதன் இல்லை. 1995 ஓகஸ்ட் மாதம், 41 வயதில், சிறிய விமானமொன்று விழுந்து அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி நம் நாடு. செங்கலடிச் சந்தியிலே நின்று மேற்கே திரும்பினால் பதுளை வீதி. கரடியனாறு, மகாஓயா, பிபிலை என்று ஏறி, பதுளையையும் வெலிமடையையும் நுவரெலியாவையும் கடந்து பேராதனையில் முடிகிற நெடும்பாதையின் கிழக்குத் தலைவாசல் செங்கலடி. அந்தப் பாதையின் மலைமுடியிலே, நுவரெலியாவின் மகாகஸ்தோட்டத் தேயிலைத் தோட்டத்தில், 1934இல் தொடங்கியது மலையேற்றக் கார்ப் பந்தயம். துரைமாரின் கார்கள் கொண்டையூசி வளைவுகளில் ஏறிய அந்தப் பாதையின் இந்தத் தலைப்பில், நெல்லும் விறகும் ஏற்றிய வண்டில்கள் சந்திக்கு வந்துகொண்டிருந்தன. ஒரே வீதியின் இரு முனைகள்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, நாட்டுக்குள் இருந்த ஒஸ்ரினும் மொறிஸும் ஹில்மனும் சாகக்கூடாது என்பது கட்டளையாயிற்று. இலங்கை மெக்கானிக் என்ற தனிப்பிறவி உருவானது அந்தக் காலத்தில்தான். உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் அதைக் கடைந்தான். கடைய முடியாத இடத்தில் வேறொன்றைப் பொருத்தினான். பிறகு ஜப்பானிலிருந்து பாவித்த எஞ்சின்கள் வந்து கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் குவிந்தபோது, பழைய ஆங்கிலக் கார்களின் உடலிலே ஜப்பானிய உயிர் புகத் தொடங்கியது. மொறிஸ் மைனர் இதற்கு வாகான உடல். 1948இல் வெளிவந்த அந்தக் காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், படுக்கையாகக் கிடக்கும் அகலமான நாலு சிலிண்டர் எஞ்சினை மனதில் வைத்து முன்பக்கத்தை அகலமாக அமைத்தார். அந்த எஞ்சின் கைகூடவில்லை. பழைய சிறிய எஞ்சினையே வைத்தார்கள். வராமல்போன விருந்தாளிக்காக விட்ட இடம், பின்னாளில் எத்தனையோ எஞ்சின்களுக்குத் திண்ணையாயிற்று.

யுத்தம் வந்தது. 1990இல் வடக்கிலே பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் மருந்துபோல அரிதாயிற்று. அப்போது யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் செய்தது இதயமாற்றத்தை விடவும் வினோதமானது. எஞ்சினை விட்டுவிட்டு, அதில் ஓடும் இரத்தத்தை மாற்றினார்கள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சின் அதில் பற்றாது. எனவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் பீச்சி, எஞ்சினை எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். 1950களின் எஞ்சின்கள் எரிகலவையை அதிகம் அழுத்துவதில்லை. அதனால் மண்ணெண்ணெயின் முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொண்டன. இறுக்கி அழுத்தும் புதிய எஞ்சின்கள் தட்டித் தட்டி இடித்தன. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்ததால், ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது. இளையவர்கள் படுத்துவிட, ஒஸ்ரின் கேம்பிரிஜ் என்ற கிழவர் வெண்புகை கக்கிக்கொண்டு நோயாளியை வைத்தியசாலைக்கும் மணமகளைக் கோயிலுக்கும் கொண்டுபோனார். பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் இந்த முறை, சாம்பல் நிறப் பேர்கசன்களில் ஒரு வகைக்குப் பிறவியிலேயே இருந்த குணம். தேவை வந்தபோது கார் தன் வயல்காட்டு உறவை நினைத்துக்கொண்டது என்று சொல்லவேண்டும்.

மட்டக்களப்பில் வாவி ஒரு கோடு கிழித்தது. எழுவான்கரை ஒரு பக்கம், படுவான்கரை ஒரு பக்கம். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் இறங்கினால் கறுப்புப் பாலத்தில் சோதனைச் சாவடி. அதற்கு அப்பால் உழுகிற எஞ்சினுக்கு எண்ணெய் எவ்வளவு, பற்றரி எத்தனை என்பதெல்லாம் விவசாயி தீர்மானிக்கிற விடயமாக இருக்கவில்லை. ஒரு போகத்தின் விளைச்சல் ஒரு கலன் எண்ணெயில் தொங்கியது. அந்த நிலையில், நின்றுபோன எஞ்சினை ஓடவைக்கத் தெரிந்தவன் ஊருக்கு வைத்தியனைப் போன்றவன். வேகத்துக்காக மேலைநாட்டான் பழகிய கலையை நம்மவன் சோற்றுக்காகப் பழகினான். கையின் நுட்பம் ஒன்றுதான், அளவுகோல் வேறு. அங்கே மணிக்கு எத்தனை மைல் என்று அளந்தார்கள். இங்கே இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று அளந்தோம்.

காலம் திரும்பவும் அதே வாசலுக்கு நம்மை அழைத்து வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் அந்தக் கதவு திறந்தது. இடையே 2022இல் எரிபொருள் வரிசைகளிலே நாட்கணக்கில் நின்றோம். அதன் பின் பெற்றோல் முச்சக்கர வண்டியின் எஞ்சினைக் கழற்றி மின்மோட்டாரும் பற்றரியும் பொருத்தும் முயற்சிகள் நாட்டிலே தொடங்கியிருக்கின்றன. ஓசையற்ற உயிர் ஒன்று பழைய கூட்டுக்குள் புகப்பார்க்கிறது. புதிய பிள்ளைகள் அதையும் பழகிக்கொள்வார்கள். பாரத்தை எங்கே வைப்பது, பிரேக் தாங்குமா, சட்டகம் பொறுக்குமா என்ற பழைய கேள்விகள் அவர்களையும் விடப்போவதில்லை. அந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்த முதிய கைகள் அவர்களுக்கு அருகில் இருக்கவேண்டும்.

என் கவலை இங்கேதான் இருக்கிறது. ஷெல்பியைப் பற்றி நூல்கள் உண்டு, திரைப்படம் உண்டு. புதைந்த பாப்ஸைத் தோண்டியெடுத்தவர் பெயரும் பதிவில் உண்டு. இறக்குமதிக் கஷ்டத்தையும் முப்பது ஆண்டு யுத்தத்தையும் ஒரு சாவிக்கொத்தோடும் வெல்டிங் கோலோடும் கடந்த நம் மெக்கானிக்குகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறோம்? வண்டிலைப் பாடியிருக்கிறோம், தோணியைப் பாடியிருக்கிறோம், கலப்பையைப் பாடியிருக்கிறோம். இந்தக் கைகளை நம் எழுத்து போதிய அளவு தொடவில்லை. அவர்களுடைய அறிவு ஏட்டில் இல்லை, விரலில் இருக்கிறது. எந்த எஞ்சினை எந்த உடலில் வைத்தார்கள், இடைத்தகட்டை எதில் கடைந்தார்கள், எது முறிந்தது, எப்படித் திருத்தினார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்டு எழுதிவைக்க அதிக காலம் மிச்சமில்லை. வந்தாறுமூலையிலே பல்கலைக்கழகம் இருக்கிறது. செங்கலடிச் சந்தியைச் சுற்றி உழவு இயந்திரம் திருத்தும் கராஜுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் தூரம் கொஞ்சம்தான்.

நம் நாட்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு பதிவுப் பத்திரம் உண்டு. அதில் அடிச்சட்ட இலக்கம் இருக்கும். எஞ்சின் இலக்கம் இருக்கும். சொந்தக்காரர் பெயர் இருக்கும். எஞ்சினை மாற்றினால் திணைக்களத்துக்கு அறிவித்துப் புதிய இலக்கத்தைப் பதியவேண்டும். உடலுக்கும் உயிருக்கும் தனித்தனியே இலக்கம் வைத்த அந்தப் பத்திரத்தில், இரண்டையும் பொருத்தியவன் பெயருக்கு ஒரு வரி கிடையாது. அந்த வரியை எழுதவேண்டியவர்கள் பேனா பிடித்த நாங்கள்தான்.